டபுள் பேஸ் மாமாவின் இரண்டாம் தேர்வு

மார்ச் 4, செவ்வாய்

இதைப் படிக்கப்போகிறவருக்கு (நான்தான், வேறு யார்?) முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. பாதியில் நானே "சும்மா அளக்காதேடா" என்று மூடிவைத்தாலும் வைப்பேன். ஆனாலும் சத்தியம் செய்தே தொடங்குகிறேன்.

லிப்டு மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற நான், ஜாஸ் இசையில் முதுகலை படிக்கிறேன். வாத்தியம் டபுள் பேஸ், வயலினின் ராட்சத அண்ணன். நிமிர்த்தி வைத்தால் என்னைவிட ஒரு தலை உயரம். அதைத் தோளில் சுமந்து நான் தெருவில் இறங்கினால் போக்குவரத்து நின்றுவிடும். விமானங்கள் பாதையை மாற்றிக்கொள்ளும். என் வீட்டுக்காரி ஒருத்திதான் அசரமாட்டாள். "என் சக்களத்திய கொஞ்சம் நகத்துங்க, பீரோவத் தொறக்கணும்" என்பாள்.

வகுப்பில் எல்லாரும் என் மகளைவிடச் சின்னவர்கள். எல்லாருக்கும் நான் மாமா.

இன்று தேர்வுக் கச்சேரி, துணைக்குப் பியானோவும் டிரம்ஸும். வாசித்தேனா, இடித்துத் தள்ளினேனா தெரியவில்லை. ஒரு சுரம் போட வேண்டிய இடத்தில் ஒன்பது போட்டேன். அரங்கத்தின் கூரை ஒரு அங்குலம் எழும்பி உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். தேர்வாளர்கள் மூவரும் பேச்சிழந்து போனார்கள். நாளை முடிவு. பட்டத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதுதான் பாக்கி.

மார்ச் 5, புதன்

பெயில்.

மார்ச் 6, வியாழன்

பேஸ் ஆசிரியை அறைக்குக் கூப்பிட்டார். என் கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும். எதிரில் உட்கார்ந்தால் நான் ஒன்றாம் வகுப்புப் பையனாகிவிடுகிறேன்.

"பியானோ என்ன வாசிச்சுதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"உங்க கை நிறைய பேசுது. காது லீவுல இருக்கு. மே மாசம் இன்னொரு வாய்ப்பு. அதுவும் போச்சுன்னா பட்டம் கிடையாது, அவ்வளவுதான்."

பேஸின் வேலை என்னவாம்? ஒரு தட்டுக்கு ஒரு சுரம். தாளம் தவறாமல் ஆள் நடந்து போவதுபோல. அலங்காரம் கூடாது, அலட்டல் கூடாது, மற்றவர்கள் காலூன்றத் தரையாக இருக்க வேண்டும். என்னைப் போய்த் தரையாக இருக்கச் சொன்னால்? உலகத்தில் எத்தனையோ வாத்தியம் இருக்க, அளக்கவே இடமில்லாத ஒன்றைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டேனே! எதுக்குடா உனக்கு இந்த வேலை? யாரு கேட்டா? பேரனைக் கூட்டிக்கிட்டுப் பார்க்குல உக்காந்து நாலு பேருக்குக் கதை சொல்லிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?

வீட்டுக்காரியிடம் சொன்னேன். பரிதாபப்படுவாள் என்று நினைத்தேன்.

"நான் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பிச்சா நடுவுல ஆறு தடவ குறுக்க வருவீங்க. அந்தப் பியானோக்காரப் பொண்ணு பாவம், என்ன பாடுபட்டாளோ" என்றாள்.

ஆசிரியையும் இவளும் எனக்குத் தெரியாமல் சந்தித்திருப்பார்களோ?

மார்ச் 19, புதன்

நிலவறை ஒத்திகை அறை. கம்பளம் ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது. பியானோவின் ஒரு கட்டை அழுத்தினால் எழுந்திருக்காது. பியானோக்காரிக்கு நான் வைத்த பெயர் குருவி. வாசிக்கும்போது தன்னையறியாமல் மெல்ல முனகிக்கொண்டே இருப்பாள். டிரம்ஸ் அடிக்கிறவன் இடி. விளக்கம் தேவையில்லை.

ஒரு தட்டுக்கு ஒரு சுரம். விரல்கள் பத்தும் சங்கம் அமைத்துக் கோஷம் போட்டன. நான் மசியவில்லை.

"மாமா, இருக்கீங்களா?" என்றான் இடி.

"ஏன்டா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான், நீங்களான்னு சந்தேகம் வந்துச்சு."

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரு பாட்டு முழுக்க ஒரு சுரம்கூடக் கூடுதலாகப் போடவில்லை. உலகம் அழியவில்லை. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மே 8, வியாழன்

நாளைக்கு. சட்டையை நானே தேய்த்தேன், காலரில் கருக்கிவிட்டேன். மார்ச் கச்சேரிக்கு வராத வீட்டுக்காரி, "நானும் வர்றேன்" என்கிறாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். இப்போதுதான் பயமாக இருக்கிறது.

மே 9, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும்.

முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது பாட்டின் அமைப்பு எளிது: முதல் பகுதி இரண்டு முறை, பிறகு நடுப்பகுதி, மறுபடி முதல் பகுதி. குருவியின் தனி வாசிப்பு. முதல் பகுதி ஒரு முறை முடியப்போகிறது, இன்னொரு முறை வரவேண்டும். அவள் முனகல் மேலே ஏறியது. நடுப்பகுதிக்குத்தான் அப்படி ஏறும். ஐயோ, தாவப்போகிறாள்!

நான் என் இடத்திலேயே நிற்கலாம். எழுத்துப்படி நான் சரி, அவள் தப்பு. ஆனால் பியானோ ஒரு பக்கமும் பேஸ் ஒரு பக்கமும் போனால் பாட்டு நடுவில் விழும். யோசித்தேன் என்று சொன்னால் பொய். அவள் கை நடுப்பகுதியில் விழுந்தபோது என் சுரமும் அங்கேயே விழுந்தது. இடியும் வந்து சேர்ந்துகொண்டான். மூவரும் ஒன்றாகத் தப்பு செய்தோம். கேட்க அவ்வளவு சரியாக இருந்தது.

முடிந்ததும் மூத்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பகுதி காணாமப் போச்சே. யாரு விட்டது?"

குருவியின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு ஜூனில் தேர்வு.

"நான்தாங்க. வயசாச்சு, கணக்கு தவறிடுச்சு" என்றேன், கூசாமல். அந்த ஒரு வாக்கியத்தோடு என் பட்டம் போயிற்று.

"இல்லைங்க! மாமா பொய் சொல்றார்" என்று எழுந்தாள் குருவி. "தாவுனது நான். எனக்கே தெரியல. இவர் கூட வரலைன்னா அங்கயே நின்னுபோயிருப்பேன்."

தேர்வாளர் என்னைப் பார்த்தார். "அவங்க தாவுறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கேட்டுச்சுங்க."

என் ஆயுளில் நான் சொன்ன மிகச் சின்ன பதில். ஆசிரியை குனிந்து தரையைப் பார்த்தார். அடக்கிய சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

வரும் வழியில் வீட்டுக்காரி சொன்னாள்: "மூணாவது பாட்டுல ஒரு இடத்துல சட்டுனு திரும்புச்சே, அதுதான் எனக்குப் புடிச்சது."

"நானே அமைச்சதும்மா" என்றேன்.

மே 10, சனி

பாஸ்! அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம் அலைமோதியது. மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். மூவரும் நானே.

ஜூன் 14, சனி

குருவிக்கு அடுத்த வாரம் தேர்வு. காலையில் வீட்டுக்கே வந்தாள். வீட்டுக்காரி கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, எனக்கு நீங்கதான் வாசிக்கணும்."

"நல்லா வாசிக்கிற சின்னப் பசங்க எத்தனை பேரு இருக்காங்க!"

"ஆமா மாமா, அவங்கெல்லாம் உங்களவிட நல்லா வாசிப்பாங்க. நீங்க வாங்க."

வீட்டுக்காரி எழுந்துபோய்ப் பேஸை அவளே மெல்லச் சாய்த்துப் பிடித்து, உறையை மாட்டிவிட்டாள்.

எழுதியவற்றைப் புரட்டிப் பார்த்தேன். எழும்பிய கூரை, வழிமாறிய விமானம், சங்கம் அமைத்த விரல்கள் என எதை வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளலாம். நான் சண்டைக்கு வரமாட்டேன். அந்தப் பெண் வந்து கூப்பிட்டது மட்டும் உண்மை.