நீங்கள் அணியாத சிவப்புச் சட்டை

பாரிசில், லூயி-பிளாங் தெரு மூலை மருந்துக்கடையில் இன்று எனக்கு முன்னால் நின்றவர் தைலப் போத்தலொன்றைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கற்பூரமும் புதினாவும் கலந்த அந்த வாசம். உங்கள் முழங்காலின் வாசம். வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

2009இல் அப்பாவின் மரக்கறிக் கடைக்குப் பச்சை மிளகாய் வாங்க வந்தீர்கள். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸிலிருந்து வந்து, பாரிசுக்கு வெளியே இரண்டாம் பிரிவு உதைபந்தாட்டக் கழகமொன்றில் முன்கள வீரராக விளையாடிக்கொண்டிருந்தீர்கள். ஒரு மிளகாயை அங்கேயே கடித்து, கண்ணீரோடு இன்னும் ஒரு பிடி கேட்டீர்கள். அப்பா சிரித்தார். பிறகொரு நாள், உங்களைத்தான் கட்டப்போகிறேன் என்று நான் சொன்னபோது சிரிக்கவில்லை. கலியாணத்துக்கும் வரவில்லை.

கலியாணமான வருடம் நிறையக் கோல் அடித்தீர்கள். துனிசியத் தேசிய அணிக்கு, அந்தச் சிவப்புச் சட்டைக்கு, அழைப்பு வந்த மாலை, தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் அப்படியே இருந்துவிட்டீர்கள். புறப்பட முன் கழகத்துக்காக ஒரேயொரு ஆட்டம் மீதியிருந்தது. அதில்தான் எதிரணிக்காரரின் கால் உங்கள் இடது முழங்காலில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழும்பவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அப்பா ரசம் கொண்டு வந்தார். கலியாணத்துக்குப் பிறகு உங்களோடு பேசியதே அன்றுதான்.

"தம்பி, நீர் திரும்ப விளையாடுவீர்."

"ஓம் மாமா" என்றீர்கள், நான் பழக்கிய தமிழில். அப்பா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விளையாடினீர்கள்தான். ஆனால் கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு வருடமும் மைதானம் சிறிதாகிக்கொண்டே வந்தது. கடைசி ஆட்டம் ஒபர்வில்லியே புறநகரில், மழைக்குள். நானும் அப்பாவும் ஒரே குடைக்குள் நின்றோம். நீங்கள் கோல் அடித்தபோது குடையை என்னிடம் தந்துவிட்டு அவர் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனிக் காணும், விளையாடினது போதும்" என்று தமிழிலேயே சொன்னீர்கள்.

பிறகு மொத்த வியாபாரக் கடையொன்றுக்கு வான் ஓட்டினீர்கள். துனிசியா விளையாடும் நாட்களில் தொலைக்காட்சியைப் போடமாட்டீர்கள். முடிவை மட்டும் என்னிடம் கேட்பீர்கள். போன வசந்தத்தில், பொபினியில் எங்கள் வீட்டுப் படியில் ஏறும்போது உங்கள் இதயம் நின்றுவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஸ்ஃபாக்ஸில் அடக்கம். ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு நிறையப் பெண்கள், நான் சுவரோரம். எனக்கு அரபு தெரியாது, உங்கள் அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர் வந்து பக்கத்தில் இருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"சாப்பிட்டியோ?"

இதை அவருக்கு எப்போது சொல்லிக் கொடுத்தீர்கள்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அவர் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார். எங்களுக்குள் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. அதன் கடைசி எழுத்தை நீங்கள் இழுத்ததுபோலவே இழுக்கிறார். உங்கள் வாயிலிருந்துதானே அதைக் கேட்டுப் பழகியிருக்கிறார். "ஓம் அம்மா" என்கிறேன். சாப்பிட்டிருக்கமாட்டேன். அவர் தொலைபேசியை வைத்த பிறகு எழும்பிப் போய்க் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்கிறேன்.