ஐஸ்கிறீம் டப்பாவில் முட்டைகள்

வெள்ளவத்தை
செவ்வாய், ஒக்டோபர் 14

மெல்பேர்ணுக்குப் படிக்கப் போன மகள் விட்டுச்சென்ற ஆக்சலோட்டல் சோடி, அந்த வெள்ளைத் தண்ணிப்பல்லிகள், நூற்றுக்கணக்கில் முட்டை போட்டு ஒரு கிழமையாகிறது. "அவ்வளவையும் வளர்க்க ஏலாது. குஞ்சு உருவாக முன்னம் உடனே ஃப்ரீசரில வையுங்கோ அம்மா" என்று அன்றைக்கே சொன்னாள். அருவருப்பில் நான் தள்ளிப்போட்டுவிட்டேன்.

இன்றைக்குத்தான் அதுகளின் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த செடியிலிருந்து விரலால் வழித்து ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். சளி மாதிரி வழுக்கியது.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை, இவர் டப்பாவும் கரண்டியுமாக நிற்கிறார். "ஃபலூடாவுக்குக் கசகசா ஊறப்போட்டிருக்கிறீரோ?"

பறித்தேன். அப்போதுதான் கண்டேன், ஒரு முட்டைக்குள் குஞ்சு சுருண்டு புரண்டது. மூடித் திரும்ப ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டேன்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வெளியே எடுக்கச் சொல்வாள். இன்னொரு தரம் அதைத் தொட என்னால் ஏலாது. சமைக்கவென்று ஃப்ரீசரில் வைத்திருந்த மீனையும் எடுக்கவில்லை.