படகுக்காரி, ரெண்டாவது சீசன்

ஆலத்தியூர்
13.07.2025

டாக்டரம்மாவாகப் போற என் மருமக மணிமொழிக்கு,

இங்கே நான், உங்கம்மா, ரெண்டு ஆடு எல்லாரும் சௌக்கியம். பெரம்பலூர் கோச்சிங் ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பு கண்ணுல படுதா? போனே வச்சுக்கக் கூடாதுன்னுட்டு, ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம்தான் அவங்க போன்ல பேச விடுறாங்க. அதையும் எங்கக்காவே முழுங்கிடுது. அதான் கடுதாசி.

நீ கேட்டபடி நம்ம ஜப்பான் கார்ட்டூன் படகுக்காரியோட ரெண்டாவது சீசனை நீ வீட்ல விட்டுட்டுப் போன போன்ல பாக்குறேன். அதே மாதிரி சனிக்கிழமைக்கு ஒரு கதை, படகுல ஏறி ஆத்தைக் கடக்க ஒரு ஆள். போன வருஷம் கீழே ஓடுற இங்கிலீசை நீ தமிழ்ல வாசிச்சுக் காட்டுனே. இப்ப நானே மடமடன்னு வாசிக்கிறேன். படிப்பு ஏழாவதோட நின்னுச்சு, மூளை நிக்கலையே!

முதல் கதையில ஒரு கிழவர் வெண்கல மணியோட ஏறுறார். நடு ஆத்துல முதலை. அந்த மணியாலயே அது மண்டையில ஒண்ணு போட்டார் பாரு, முதலை கும்பிட்டுட்டுப் போயிடுச்சு. ரெண்டாவதுல ஒரு கல்யாணப் பொண்ணு, அவளைத் துரத்தி நாப்பது குதிரை.

நல்லது கெட்டது ரெண்டும் சொல்லணும்ல? தண்ணி போன சீசனைவிட ஒசத்தி. மழை பெய்யிறப்ப நான் காலைத் தூக்கிக் கட்டில்மேல வச்சுக்கிட்டேன். குறை என்னன்னா, புதுசா ஒரு கொக்கைச் சேத்திருக்கான், வாயே மூடாது. ஏறுறவங்களும் கரை வர்ற வரைக்கும் அழுதுகிட்டே பேசுறாங்க. முன்னாடி ஆள் இறங்கிப் போயிடுவான், அவன் என்ன ஆனானோன்னு நமக்கு ஒரு வாரம் ஓடும். இப்ப எல்லாத்தையும் ஊட்டி விடுறான்.

டீக்கடை அஜித்குமார் என்னை 'டாக்டர் மாமா'ன்னுதான் கூப்பிடுறான். டாக்டர் படிப்புக்கு ரெண்டாம் தடவை எழுதுற நுழைவுப் பரிட்சை உனக்குச் சுண்டைக்காய்.

உன் தாய்மாமனும் இந்த ஊரின் ஒரே கார்ட்டூன் நிபுணனுமான
செல்லப்பன்


பெரம்பலூர்
22.07.2025

அன்பான மாமாவுக்கு,

உங்க கடிதத்தை ரூம்ல சத்தமா வாசிச்சேன். எல்லாரும் சிரிச்சுப் புரண்டோம். ஆனா ரூம்மேட் அம்பிகாவோட அண்ணனும் அந்தத் தொடரைப் பாக்குறாராம். முதலையே கிடையாதாமே? கிழவர் எப்பவோ திருடின மணியைக் கோயில்ல திருப்பிக் கொடுக்கப் போறாராம். குதிரையும் இல்லையாம். நீங்க சொன்ன குறைகள் மட்டும் அப்படியே சரின்னார்.

இருக்கட்டும் மாமா, உங்க முதலை எனக்குப் பிடிச்சிருந்தது. இப்ப ஒண்ணு கேக்குறேன், இதுல மட்டும் கதை விடாதீங்க. அஞ்சாவது கதை ஆகஸ்ட் ரெண்டாம் தேதி. டிரெய்லர்ல ஒரு பொண்ணு பாதி ஆத்துல, 'திரும்பிப் போகணும்'னு கேக்குறாளாம். படகுக்காரி திருப்புறாளான்னு எனக்குத் தெரியணும்.

ஏன்னா எனக்கும் திரும்பணும். இந்தப் பரிட்சையை மறுபடி எழுத எனக்கு மனசில்லை. அரியலூர் காலேஜ்ல தாவரவியல் சேரணும். சேர்க்கை ஆகஸ்ட் பதினாலோட முடியுது. அம்மாகிட்ட பத்து நிமிஷத்துல எப்படிச் சொல்றது? ஆரம்பிச்சாலே, "உன் மாமன் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான், அவன் மானத்தைக் காப்பாத்து"ன்னு நிறுத்திடுது. நீங்கதான் சொல்லணும்.

உங்கள்
மணிமொழி


ஆலத்தியூர்
03.08.2025

தங்கமான மருமகளுக்கு,

நேத்து அஞ்சாவது கதையைக் கண்கொட்டாம பாத்தேன். அந்தப் பொண்ணு கேட்டா, இல்லேங்கல. ஆனா படகு திரும்பலை! படகுக்காரி துடுப்பை ஓங்கிப் போட்டா, படகு அம்பு மாதிரி பாஞ்சிச்சு. அக்கரையில மேளம் என்ன, மாலை என்ன, கொக்கு மங்களம் பாடுது! பொண்ணு ஆனந்தக் கண்ணீர் விடுறா.

நீயும் அப்படித்தான் ஆகப்போறே. முதல் மாசம் எல்லாருக்கும் மனசு அலையும். வரதராஜன்பேட்டை வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன், எத்தனை பேர் உன்னை நம்பி இருமிக்கிட்டு இருக்காங்க! உங்கம்மாகிட்ட நேரம் பாத்துச் சொல்றேன். அவசரம் என்ன?

என்றும் பெருமையுடன்
செல்லப்பன்


பெரம்பலூர்
07.08.2025

மாமா,

ஞாயித்துக்கிழமை அம்பிகாவோட அண்ணன் வந்திருந்தார். படகு திரும்பிச்சு.

முதலையை நீங்க எத்தனை வேணாலும் விட்டிருக்கலாம். இனிமே எனக்குக் கதை எழுத வேண்டாம்.

மணிமொழி


ஆலத்தியூர்
10.08.2025

மணிமொழிக்கு,

இது கதை இல்லை.

கீழே ஓடுற இங்கிலீசு எனக்கு வாசிக்க வராது. ஒரு எழுத்தைப் பிடிக்கிறதுக்குள்ள வரியே போயிடுது. முதலையும் குதிரையும் புரியாத இடத்தை அடைக்க நான் போட்டது. அஞ்சாவது அப்படியில்லை. அந்தப் பொண்ணு கரையைக் கை காட்டுறா. அப்புறம் யாரும் பேசலை, கொக்குகூட வாயைத் திறக்கலை. படகு சுத்தித் திரும்புது, துடுப்புச் சத்தம் மட்டும் கேக்குது. இந்த சீசன்லயே அதுதான் ஒசத்தி. எனக்கு முழுசாப் புரிஞ்ச ஒரே கதையும் அதுதான். புரிஞ்சுதான் மாத்தி எழுதினேன்.

நேத்து உன் கடுதாசி வந்ததும் உங்கம்மாகிட்ட போனேன். கடலை உடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

"அக்கா, புள்ளைக்கு அந்தப் படிப்பு வேணாமாம்."

"யார்றா சொன்னா?"

"புள்ளதான். எழுதி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. நான்தான் மறைச்சேன்."

"ஏன்டா?"

"டீக்கடையில என்னத்தைச் சொல்றதுன்னுதான்."

உங்கம்மா முறத்தைத் தள்ளி வச்சுச்சு. "உன் டீக்கடைக்காகவாடா எம்புள்ள அங்க அடைஞ்சு கிடக்குது?" அப்புறம் தனக்குத்தானே சொல்ற மாதிரி, "நானும்தானே அவ பேச வர்றப்பல்லாம் வாயை அடைச்சேன்"னுச்சு.

சாயங்காலம் கடைக்குப் போனேன். அஜித்குமார், "டாக்டர் மாமா, ஊசி எப்ப?"ன்னான். "ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. அவ செடி கொடி படிக்கப் போறா. டாக்டர்ங்கிறது நான் விட்ட கதை"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. டீயைப் பாதியில வச்சுட்டு வந்துட்டேன்.

உங்கம்மாவுக்கு என்மேல கோவம் தீரலை. ஆனா உன் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் பீரோவுலேர்ந்து எடுத்துப் பையில வச்சிருக்கு. புதன்கிழமை முதல் பஸ்சுக்கு வர்றோம். ஹாஸ்டல்ல உங்கம்மாவே பேசட்டும். நான் பெட்டியைத் தூக்க வர்றேன், நீ சரின்னா.

மாமா