மூன்றாவது முறை சொன்னால் குப்பை

தியாமார் தீவு, சலூம் கழிமுகம், செனகல்
திங்கட்கிழமை, மழை வராத புழுக்கத்தில்

ஸ்பெயின் நாட்டு அல்மெரியாவில் தக்காளிகளையும் இங்கே எங்களையும் ஒரே நேரத்தில் மேற்பார்வை பார்க்கும் என் அக்காள் மகன் லாத்திர் ஜாமேக்கு,

தியாமார் தீவு, அதைச் சுற்றியுள்ள சேறு, சேற்றுக்குள் கிடக்கும் சிப்பி, சிப்பிக்குள் அடைபட்ட காற்று ஆகிய அனைத்துக்கும் பேரரசனும் உன் தாய்மாமனுமாகிய பிராம் போப், அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொள்வது. இரவு நிம்மதியாகக் கழிந்ததா? உடம்பு நிம்மதியா? உன் மனைவி நிம்மதியா? முதலாளி நிம்மதியா? அவருடைய ஒவ்வொரு தக்காளியும் தனித்தனியே நிம்மதியா?

பார்த்தாயா, ஒரு முழுப் பத்தி நலம் விசாரித்துவிட்டேன்; உன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 'தியாமார் மக்கள் கலந்துரையாடல்' குழுவுக்கு நீ அட்மின். காகிதத்துக்கு யாரும் அட்மின் இல்லை. என் எண்ணையும் நீ அடைத்துவிட்டதால், விடுமுறை முடிந்து திரும்பும் உன் கூட்டாளி கோர்மாக்கின் பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவே, இந்தக் கடிதம் வருகிறது.

முதலில் உன் சட்டத்தைப் பேசிவிடுவோம். எனக்கு அது மனப்பாடம். காலை வணக்கம் போட்டால் ஸ்பேம். துஆவை அடுத்தவருக்கு அனுப்பச் சொன்னால் ஸ்பேம். பரிசு விழுந்திருக்கிறது, இங்கே தட்டு என்றால் ஸ்பேம். கதை அளந்தால் ஸ்பேம். நல்ல செய்தியே ஆனாலும் மூன்றாவது முறை சொன்னால் ஸ்பேம், ஆள் வெளியே. ஸ்பேம் என்றால் என்ன என்று பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டேன். 'குப்பைங்க மாமா. யாரும் கேக்காமலே வந்து விழற செய்தி' என்றார். கேட்காமலே வந்து விழுவதெல்லாம் குப்பை என்றால் மழை குப்பை, மருமகன் குப்பை. நீ ஒரு மாதம் கழித்துத்தான் பிறப்பாய் என்று நம்பி உன் அப்பன் கடலுக்குப் போயிருந்தான். யாரும் கேட்காமலே நீ வந்து விழுந்தாய். உன்னை யாரும் நீக்கவில்லை.

உன் கஷ்டமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஊரே ஒருவரையொருவர் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆட்டுக்குட்டி வரைக்கும் நலம் விசாரித்து, ஒவ்வொருவரும் 'இங்கதான் இருக்கேன்' என்று பதில் போட்டு முடிக்க மதியத் தொழுகை ஆகிவிடும். அந்தச் சூட்டில் உன் போன் மேல் நீ முட்டை பொரித்ததாகக் கேள்விப்பட்டேன். மீன் விலையும் காற்றறிவிப்பும் நலம் விசாரிப்புக்கு அடியில் புதைந்துபோயின என்பதும் உண்மைதான்.

என் குற்றங்களையும் ஒப்புக்கொள்கிறேன். நான் பிடித்த மீனின் தலையை இங்கே சோற்றோடு ஆக்கித் தின்று முடித்தபோது அதன் வால் காம்பியா எல்லையில் சுங்கச் சோதனையில் நின்றது என்று எழுதினேன். அது கதையளப்பு. ஐஸ் விற்கும் சானேயை 'சோத்துப் பானைத் திருடா' என்று அழைத்தேன். அது உனக்கு அவதூறு. சானே ஜோலா இனத்தார், நாம் செரேர் இனம். ஒருவரையொருவர் திட்டுவது பாட்டன் காலத்து உரிமை. நான் ஒரு நாள் திட்டாமல் போனால் 'வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு?' என்று ஐஸ் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருகிற மனிதர் அவர். நீ என்னை நீக்கியதும், 'திட்டு வாங்க ஆளில்லாத குழு எனக்கெதுக்கு' என்று தானும் வெளியேறினார். அன்றைக்கு உன்னிடம் போனில் சண்டை போட்டேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அது விளையாட்டு.

என் தங்கை தெனிங் விஷயம் விளையாட்டு இல்லை, மருமகனே.

உன் சின்னம்மாவை நீ பார்த்து எத்தனை வருடம்? இப்போதெல்லாம் அலையாத்திக் காட்டுக்குள் சிப்பி எடுக்கப் போகும்போது போனை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறாள். மகன் ஜேகான், ஸ்பெயினுக்குப் போகிறேன் என்று அந்தக் கனேரித் தீவுப் படகில் ஏறிப் போனதிலிருந்து அப்படித்தான். விடிந்ததும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் போய் நிற்பாள். அவன் மல்யுத்தக் களத்தில் நிற்கும் படத்தைக் குழுவில் போடுவாள். பிறகு குரலில் பேசி அனுப்புவாள். ஊரே கேட்ட குரல் அது: 'எல்லாரும் நிம்மதியா விடிஞ்சீங்களா? என் புள்ள ஜேகான யாராச்சும் பாத்தீங்களா? பாத்தா, ஒங்கம்மா இங்கதான் இருக்கான்னு சொல்லுங்க.'

தினமும் அதே படம், தினமும் அதே குரல். உன் சட்டப்படி அவள் மூன்றாம் நாளே குப்பை. தலைநகர் டக்காரில் இருக்கும் ஒரு பெரிய மனிதர், 'காத்தால மீன் வெல பாக்கலாம்னு தொறந்தா இதே மொகந்தானா? போன் நெறஞ்சுபோச்சு' என்று எழுதியதாகச் சொன்னார்கள். நீ அவருக்குப் பதில் போடவில்லையாம், சின்னம்மாவையும் தொடவில்லையாம். அதைக் கேட்டு, என் அரியணையில் இருந்து இறங்கி உன்னைக் கட்டிப்பிடிக்க அல்மெரியா வரை நீந்தி வர நினைத்தேன். முழங்கால் வலி தடுத்துவிட்டது.

அப்படி மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டவன், போன வெள்ளிக்கிழமை ஏன் அவளை நீக்கினாய்?

இதைத்தான் நான் கேட்க வந்தேன். மேலே எழுதியதெல்லாம் இதற்கு முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமியது.

அதே வெள்ளிக்கிழமைதான் என் எண்ணையும் அடைத்தாய். ஜும்ஆ தொழுகை முடிந்து தையல்கடைப் பக்கம் போனேன். அங்கே கூடி நின்றவர்கள் என்னைக் கண்டதும் போனை மடியில் கவிழ்த்தார்கள். என்னப்பா விசேஷம் என்றால், 'ஒண்ணுமில்ல மாமா, ஏதோ படம் வந்துச்சு, அட்மின் அழிச்சுட்டாரு, நாங்க சரியாப் பாக்கல' என்றார்கள். சரியாகப் பார்க்காதவர்கள் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை? படகுத்துறையில் பெண்கள் அன்றிலிருந்து தெனிங்குக்குத் தங்கள் கூடையிலிருந்து சிப்பியை அள்ளிப் போடுகிறார்கள். அவள், 'என்னடி, எனக்குக் கையில்லையா?' என்று கேட்டாள். அவர்கள் இன்னொரு கை அள்ளிப் போட்டார்கள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். குழுவின் அடியில் இப்போது ஒரு வரி நிற்கிறது: நீங்கள் இந்தக் குழுவில் இல்லை, செய்தி அனுப்ப முடியாது. தினமும் காலையில் போனை என்னிடம் நீட்டி, 'என்னண்ணே போட்டிருக்கு? படி' என்கிறாள். நான் படிக்கிறேன். 'தேடுறோம்னு போட்டிருக்கு.' ஒரு மீனைக் காம்பியா வரைக்கும் நீட்டியவன் நான். இந்த ஒரு சொல்லை ஒரு வாரத்துக்கு நீட்ட முடியவில்லை. இன்று காலை அவள் சொல்கிறாள்: 'தெனம் ஒரே வார்த்தையத்தான் போடுவாங்களா? அப்ப அவங்களையும் தள்ளணும்ல?'

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அவள் போட்டது குப்பை என்று நீக்கியிருந்தால், மருமகனே, நான் இங்கிருந்தே காதைத் திருகுகிறேன், உடனே சேர்த்துவிடு. வேறு காரணத்துக்காக நீக்கியிருந்தால் எனக்கு எழுது. குழுவில் வேண்டாம். கோர்மாக்கின் தம்பி அடுத்த வாரம் வருகிறானாம், அவனிடம் காகிதத்தில் கொடு. கேட்க வேண்டியவன் நான். சொல்ல வேண்டியவனும் நான். தாய்மாமன் என்பது கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்கார மட்டும் இல்லை.

அல்லாஹ் உன் கண்களைக் காக்கட்டும். அவை எதைப் பார்த்திருந்தாலும்.

இப்படிக்கு,
தியாமார் சேற்றரசன்,
உன் மாமன் பிராம் போப்


தியாமார்
வியாழக்கிழமை

லாத்திர்,

பிராம் போப் எழுதுவது. கோர்மாக்கின் தம்பி கொண்டுவந்த உன் கடிதம் போன வாரம் கிடைத்தது.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். முதல் முறையே போதுமானதாக இருந்தது. அந்தக் கனேரித் தீவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன், கரை ஒதுங்கிய உடலின் படத்தை யோசிக்காமல் போட்டுவிட்டான், அவனைத் திட்டாதே. இடது புஜத்தில் சிப்பி கோர்த்த தோல்கயிற்றைப் பார்த்ததும் இது யார் என்று ஊரில் யாராவது சொல்லட்டும் என்று நினைத்திருப்பான். அந்தக் கயிறு தெனிங் கட்டியது. முடிச்சுப் போடும்போது நான் பக்கத்தில் இருந்தேன். 'இறுக்காதம்மா, ரத்தம் கட்டிக்கும்' என்று ஜேகான் கத்தினான்.

அவள் கண்ணில் படுமுன் படத்தை அழித்து அவளையும் எடுத்துவிட்டாய். காரணம் கேட்டவர்களுக்கு ஸ்பேம் என்றாய். உன் பொய் என் பொய்யைவிட நல்ல பொய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனை முறைப்படி அடக்கம் செய்தார்கள், நம் ஆட்கள் நின்று தொழுதார்கள் என்று எழுதியிருக்கிறாய். கல்லில் பெயர் இல்லை, எண்தான் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். முடிந்தால் பெயரை எழுதச் சொல். ஜேகான் தியோர். சின்ன எழுத்தானாலும் பரவாயில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொற்களைத் தேடிக்கொண்டு போனேன். படகுத்துறையில் சானே என்னைப் பார்த்துவிட்டார். 'வாய்யா சேத்து ராஜா! நேத்து ஒன் கிரீடத்த நண்டு தூக்கிட்டுப் போச்சாமே!' என்று கத்தினார். எனக்குப் பதில் வரவில்லை.  நடந்து போய்விட்டேன். பின்னால் ஐஸ் பெட்டியின் மூடி விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சானே வந்துகொண்டிருக்கிறார்.  பெட்டியைக்கூட யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

தெனிங் வாசலில் சிப்பியைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு பக்கம் உட்கார்ந்தேன், சானே ஒரு பக்கம் உட்கார்ந்தார். அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எங்கள் இருவரில் ஒருவராவது ஒரு வசவு விடுவோம் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

'சானேண்ணே, எங்கண்ணன ஏன் இன்னும் திட்டல?' என்று கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்தார். எனக்கு ஒரு சொல்கூடச் செலவாகவில்லை, மருமகனே. வாழ்நாள் முழுக்க ஊர் காது வலிக்கப் பேசினவன், தங்கைக்கு மகன் இறந்த செய்தியை வாயை மூடிக்கொண்டு சொன்னேன். அவள் சிப்பிகளைத் திருப்பிப் போட்டாள். கருகவிடாமல் எல்லாவற்றையும் எடுத்துக் கூடையில் போட்டு முடித்தாள். அதற்குப் பிறகுதான் விழுந்தாள்.

மூன்றாம் நாள் ஓதினோம். ஊரே வந்தது. தையல்கடைக்காரர்கள் வந்தார்கள், இப்போது என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த டக்கார்ப் பெரிய மனிதரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்கும் தன் கையால் பால்சோறு வைத்தாள்.

இன்று விடிந்ததும் அவள் கழுத்தில் போனை மாட்டிக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குக் கிளம்பினாள்.  இனி எதுக்கும்மா அங்கே என்று கேட்டேன். 'இத்தன நாளா எம் புள்ளைய மட்டுமே கேட்டுட்டு இருந்துட்டேன். ஒருத்தரையும் பேர் சொல்லிக் கேக்கலையே. வந்தவங்களுக்கெல்லாம் ஒரு சலாம் சொல்லணும்' என்றாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். அடியில் அதே வரி. படி என்றாள். இந்த முறை உள்ளதை உள்ளபடி படித்தேன். 'அப்ப லாத்திர்கிட்ட சொல்லி என்னைச் சேக்கச் சொல்லுண்ணே. நான் அவன் படத்தப் போட மாட்டேன்னு சொல்லு' என்றாள்.

அதைத்தான் சொல்கிறேன். அவளைச் சேர்த்துவிடு. என்னைச் சேர்க்காவிட்டாலும் போகட்டும். சேர்த்தாலும் இப்போதைக்கு நான் ஒன்றும் எழுதுவதாக இல்லை. அவள் எல்லாரையும் குலப்பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ரொம்ப நேரம் ஆகும். பாதியில் அழுகை வரும், இருமல் வரும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரே பெயரை இரண்டு முறை, மூன்று முறை சொல்வாள். எண்ணாதே, அப்பா. யாராவது முணுமுணுத்தால் அவர்களுக்குச் சட்டம் சொல்லாதே, என் பெயரைச் சொல்.

உன் பெயரும் அதில் வரும். 'ஜாமே, நிம்மதியா விடிஞ்சியா?' என்று கேட்பாள். நீ வேலையில் இருப்பாய், கையில் மண் இருக்கும். எழுத்தில் போடாதே, அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் பக்கத்தில் இல்லாமல் போனாலும் போவேன். உன் குரலில் சொல். இங்கதான் இருக்கேன் சின்னம்மா என்று சொல்.

அல்லாஹ் உன்னை அங்கேயே, உயிரோடு, வைத்திருக்கட்டும்.

உன் மாமன்
பிராம்