வெள்ளணு முப்பத்தோராயிரம்

12 ஆகஸ்ட் 1956, சித்தூர்
மகள் மங்கைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. இன்று பதினோராம் நாள். முழங்காலுக்குக் கீழே நீலமாகக் கன்றியிருக்கிறது, எங்கும் விழவில்லை. டாக்டர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். வெள்ளணு பதினாலாயிரம். "பத்தாயிரம், பதினோராயிரம் வரைக்கும் இருக்கலாம். ஏதோ கிருமி. எட்டு நாள் கழிச்சுப் பாக்கலாம்" என்றார்.

13 ஆகஸ்ட்
இன்டர்மீடியட் விலங்கியல் நோட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான்: வெள்ளணுக்கள் உடலின் சிப்பாய்கள்.

20 ஆகஸ்ட்
முப்பத்தோராயிரம். டாக்டர் ஊரில் இல்லை. சீட்டைக் கொடுத்த கம்பவுண்டர், "திருப்பதியில ஒருக்கா காட்டிடுங்கம்மா" என்றார்.

இவர் அப்போதுதான் நகரிப் பக்கத்து ஊர்களில் தமிழர் தலை எண்ணிவிட்டு வந்திருந்தார், இந்த ஊர்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்கும் எல்லை மனுவுக்காக. மூன்று வருடமாக இந்த வீட்டில் எண்ணிக்கை கூடினால் பாயசம், குறைந்தால் சோறு இறங்காது. சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "உம் பொண்ணு மெஜாரிட்டிக்கு வந்துட்டாடி." நோட்டைக் காட்டி, சிப்பாய்கள் பெருகினால் நல்லதுதான் என்று நானும் விளக்கினேன். நவம்பரில் மூன்று வயது முடிந்ததும் முடியிறக்க மலைக்குப் போகிறோமே, திருப்பதி டாக்டரிடம் அப்போது காட்டிக்கொள்ளலாம்.

2 செப்டம்பர்
பக்கத்து வீட்டு சந்திரம்மா, "இன்னாம்மா, கொழந்த இப்பிடி வெளுத்துக் கெடக்குது. துன்னுதா இல்லியா?" என்றாள். அவளுக்கும் சிப்பாய்ப் பாடம் நடத்தினேன்.

8 செப்டம்பர்
ஈறில் ரத்தம். நிற்கவில்லை.

10 செப்டம்பர், திருப்பதி
தொண்ணூற்றிரண்டாயிரம். பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். எல்லாம் பிஞ்சு அணுக்களாம். கிருமியோடு சண்டை போடத் தெரியாது. இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். நோயின் பெயரைச் சொன்னார். இங்கே எழுத மாட்டேன்.

இருபத்தோரு நாள் — படிச்சவ நான் — அதப் பாத்து சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேனே.

"முன்னாடியே வந்திருந்தா?"

"வந்திருந்தாலும் இதேதாம்மா. காப்பாத்துற மருந்து இன்னும் வரல."

நிஜமா? இல்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா?

இவர் மெல்லக் கேட்டார்: "இப்பவே மலைக்குப் போயி முடி எறக்கிடலாமா?" கத்தி பட்டால் ரத்தம் நிற்காது என்றார் டாக்டர்.

14 செப்டம்பர்
அலிபிரியில், மலையடிவாரத்திலேயே நின்று கும்பிட்டோம். மங்கை தன் நைனா தோளில் இருந்தபடி, "மொட்ட எப்பம்மா?" என்றாள்.

"காய்ச்சல் வுட்டதும்."

3 அக்டோபர்
இனி குத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

11 நவம்பர், சித்தூர்
இன்று மூன்று முடிகிறது. மலைக்கென்று வளர்த்த முடி அவளோடேயே போயிற்று. வருஷம் திரும்பும்வரை மலையேறக் கூடாது என்று மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வெகு நாள் கழித்து இவர் தலை எண்ணும் நோட்டை எடுத்தார். சித்தூர்ப் பட்டியலில் எங்கள் வீட்டுக்கு நேரே மூன்று என்று இருந்தது. அடித்து, இரண்டு என்று எழுதினார். கீழே கூட்டுத்தொகையை மட்டும் திருத்தவில்லை.