மஞ்சளாப் போன கண்மாய்

ஆகஸ்ட் 28, 1997, வியாழன்

வெயில் மண்டையப் பொளக்குது. ஆபீஸ்ல மத்தியானம் வரை கரண்ட் இல்ல. கம்ப்யூட்டர் படுத்துருச்சு, நாங்களும்.

வேலை: நகரமைப்புத் திட்டத்தோட புது வரைபடத்துல ஊர்ப் பேர் சரிபாக்குறது. 2020ல மதுரையும் வைகைப் பக்கத்து ஊர்களும் எப்படி இருக்கும்னு படம். வீட்டுக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை, தண்ணிக்கு நீலம். திருவாதவூர் தாண்டி அக்கா வாக்கப்பட்ட ஊரத் தேடினேன். ஊர் இருக்கு. கண்மாய் இல்ல. அந்த எடம் முழுக்க மஞ்சள்.

கூட இன்னொரு தாள். பறவை, மீன், மரம் வாழத் தோதான எடமான்னு ஒவ்வொரு எடத்துக்கும் மார்க். அக்கா ஊருக்கு முட்டை.

பெரிய சார்ட்ட (இனி பெ.சா.) கேட்டேன். "கண்மாயா? தரிசுன்னுல்ல ரிப்போர்ட்ல இருக்கு. ஊர்க்காரங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்கப்பா."

எந்தக் கிறுக்குப்பய போட்டான்?

வாங்க வேண்டியது: சீனி, மண்ணெண்ணெய், பாப்பாவுக்கு ஸ்கேல். ஒண்ணும் வாங்கல. வீட்டுக்காரி திட்டுனா.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அக்கா வீடு. பஸ்ல நிக்கக்கூட எடமில்ல. கோழிக்கொழம்பு, நல்ல காரம்.

சாப்பிடும்போது மச்சான்ட்ட (அக்கா வீட்டுக்காரர்) கேட்டேன். மனுசன் பொரையேறச் சிரிக்கிறாரு.

"மே மாசம் ஜீப்பு வந்துச்சு மாப்ள. கண்மாய்க்குள்ள வெள்ளரி போட்டிருந்தோமா, ஆக்கிரமிப்பு எடுக்கத்தேன் வாராய்ங்கன்னு ஊரே கூடி ஒரே பேச்சாச் சொல்லிட்டோம். 'இது கண்மாயே இல்ல சார், தரிசு. தண்ணி நின்னு எந்தக் காலமோ ஆச்சு'ன்னு. மொதக் கையெழுத்து நாந்தேன். ஜீப்பு வந்த வழியே போயிருச்சுல்ல!"

கோடையில காஞ்ச கண்மாய்க்குள்ள வெள்ளரி போடுறது இவுக வழக்கம். மழை எறங்கினா கொடிய அப்படியே விட்டுட்டுக் கரை ஏறிருவாக. யாருக்கும் நட்டமில்ல. அதுக்குப் பயந்து இம்புட்டுப் பெரிய பொய்.

முட்டை மார்க்கையும் சேத்து விளக்கிச் சொன்னேன். வந்தது படத்துக்கு எடம் பாக்குற ஜீப்பு. மஞ்சள்னா வீடு. வீடு வந்தா கண்மாய் கெடையாது. கண்மாய் இல்லாட்டி மடைக்குக் கீழ இருக்கிற மச்சான் வயலுக்குத் தண்ணி கெடையாது.

சிரிப்பு நின்னு போச்சு. "மதுரை எங்க இருக்கு, நாங்க எங்க இருக்கோம். இங்கிட்டு வந்தா வீடு கட்டுவாய்ங்க?"

அக்கா: "பெரிய மூளைக்காரருன்னு நெனப்பு." பெறகு எங்கிட்ட மெதுவா, "நீதானடா படம் போடுற. யாருக்கும் தெரியாம நீலத்த அடிச்சு விட்ருடா தம்பி."

ஆபீஸ்ல என்னைய என்னான்னு நெனச்சிருக்கு இது. பாவமா இருந்துச்சு. வாரப்ப ஒரு பை நெறைய முருங்கக்காய் குடுத்துவிட்டுச்சு.

செப்டம்பர் 15, திங்கள்

புழுக்கம். படத்து மேல ஊர்க்காரங்க ஆட்சேபணை சொல்ற நாள். கூட்டம்னா கூட்டம். வராண்டால ஒருத்தர்: "என் எடத்துல பார்க்காம்ல? பிள்ளைக விளையாட நாந்தான் கெடைச்சேனா?"

மச்சான் சலவை வேட்டியில வந்தாரு. முழிக்கிறாரு. எழுதிக்கிட்டு வரச் சொன்னேன், வாயிலயே சொல்லிர்றேன்னுட்டாரு.

"அது கண்மாய்தான் சார்."

பெ.சா. அந்தக் கையெழுத்தக் காட்டினாரு. "இது உங்களதுதானே? அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குத்தேன் சார் பொய்."

எல்லாரும் சிரிச்சிட்டாங்க. மச்சான் அடங்கல்ல, ஊர் நெலக் கணக்குல, பாக்கச் சொன்னாரு. அது வேற ஆபீஸாம். எனக்குப் பொறுக்கல. "சார், நானே அதுல முங்கிக் குளிச்சிருக்கேன், எங்க அக்கா ஊரு"ன்னேன்.

"ஓ, உன் சொந்தக்காரரா?" அதோட காரியம் கெட்டுச்சு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

பெ.சா. பேச்ச முடிக்கிறதுக்காகச் சொன்னாரு: "சரிங்க, தண்ணி வரட்டும். நேர்ல வந்து பாக்குறேன்."

வெளிய வந்து டீ குடிச்சோம். மச்சான் மொகத்துல அம்புட்டுச் சந்தோசம். "வாரேன்னு சொல்லிட்டாருல்ல, போதும் மாப்ள." பெ.சா. ஒரு நாளைக்குப் பத்துப் பேர்ட்ட அப்படிச் சொல்லுவாரு. எப்படிச் சொல்றது இவர்ட்ட?

நவம்பர் 6, வியாழன்

விடாத மழை. சிம்மக்கல் பூரா சகதி, ஒரு செருப்பு போச்சு. பாலத்துல ஆத்துத் தண்ணி பாக்கக் கூட்டம். "தள்ளுங்கண்ணே, நாங்களும் பாக்க வேணாமா?"

ஆபீசுக்கு மச்சான் போன். கத்துறாரு. "பெருகிருச்சு மாப்ள! மிஞ்சின தண்ணி மறுகா போகுது! கூழைக்கடா, நாரை எல்லாம் எறங்கிருச்சு, கருவேல மரமே வெள்ளையாக் கெடக்கு. ஞாயித்துக்கெழம ஆபீசரக் கூட்டியா. வந்து பாத்து மார்க் போடட்டும்!"

பெ.சா.ட்ட ஓடினேன். தல நிமிரல. "படம் மெட்ராஸ் போயி ரெண்டு வாரம் ஆச்சேப்பா. இனி எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"அங்க யாரப் பாக்கணும் சார்?"

"அச்சுக்கே போயிருக்கும்."

நல்ல மனுசன்தான். எனக்கும் சேத்து ஒரு டீ சொன்னாரு. குடிக்க முடியல. போன்ல "வாரேன் மச்சான்"னு மட்டுந்தான் சொல்லியிருந்தேன். "வாரோம்"னு சொல்லல. அது அவருக்கு வெளங்கியிருக்காது.

ராத்திரி வீட்டுக்காரிட்ட சொன்னேன். "நேர்ல போய்ச் சொல்லிருங்க"ன்னா. சரி.

நவம்பர் 9, ஞாயிறு

தூறல். வழி பூரா ஒரே வாக்கியத்தச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்: படம் போயிருச்சு மச்சான், இனி ஒண்ணும் செய்ய முடியாது.

பஸ்ஸுக்குள்ள இருந்தே தெரிஞ்சுச்சு. கரை தொட்டு நிக்குது தண்ணி. அம்புட்டுப் பறவை. கண்ணு கலங்கிருச்சு.

ஸ்டாப்புல ஊர் ஆம்பளைக எல்லாம் நிக்கிறாக, கொடையோட. மச்சான் கையில மாலை. நான் எறங்கினேன். எனக்குப் பின்னாடி பாத்தாக. ஒரு கெழவி கூடையோட எறங்குச்சு. பஸ் போயிருச்சு.

"ஆபீசர் ஜீப்புல வாராரா மாப்ள?"

ஆமான்னு சொல்லிட்டேன்.

எல்லாரும் ரோட்டப் பாத்துத் திரும்பி நின்னாக. நானும் நின்னேன்.