கதவைச் சாத்தினால் வரும் படம்

என் வீட்டுக்காரிக்கு,

சனிக்கிழமையானால் நீ புஞ்சாக் ஆலாமுக்கு படம் கழுவும் இருட்டறை வகுப்புக்குப் போவதை நான் தடுக்கவில்லை. கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கைப் போட்டால்தான் படம் வருமாமே. வரட்டும்.

நம் போட்டோக் கடை மெஷினுக்கு அதெல்லாம் வேண்டாம். கதவு திறந்தே கிடக்கும், கோலா சிலாங்கூர் கடைத்தெருவே பார்க்கும், பட்டனைத் தட்டினால் படம் வந்துவிடும்.

அந்த வகுப்பு நடத்தும் புனிதன் மாஸ்டர் உன்னைப் படமெடுத்து, தன் கையால் கழுவிக் கொடுத்ததை அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாய். பார்த்தேன். அந்தச் சிரிப்பை நம் கல்யாண ஆல்பத்தில் தேடினேன், இல்லை. பிறகு அதை ஸ்கேன் செய்து நம் மெஷினில் அடித்துப் பார்த்தேன். அவன் படத்தைவிடத் தெளிவாகவே வந்தது, கன்னத்து மச்சம்கூடத் தெரிந்தது. ஆனால் அதிலும் நீ அவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறாய்.

அதனால்தான் நேற்று கடைக்குச் சோறு கொண்டுவந்த உன்னைப் பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூலில் உட்கார வைத்து, "கொஞ்சம் சிரி" என்றேன்.

"பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக் கூடாதுலா. நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்வீங்க" என்றாய்.

அது பாஸ்போர்ட்டுக்கு இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடையிலிருந்து,
உன் வீட்டுக்காரன்